சபைக்குப் போன நாலு பக்கம்

"நாலே நாலு பக்கம்தான்ப்பா. படிச்சேன் பாரு, அப்படியே ஒடம்பு சிலுத்துப் போச்சு!" என்றார் எம்.எல்.ஏ. தேனப்பன்.

எதிரே நின்ற அவருடைய உதவியாளர் ஆத்மநாதனுக்கு வயிற்றில் பச்சை மிளகாயை அரைத்துப் பூசியது போல இருந்தது.

"எங்க, குடுங்கண்ணே. பிழை கிழை இருந்தாப் பாத்துத் தாரேன்."

"ஊகூம்! ஒனக்குக் காட்டக் கூடாதுன்னு ரஞ்சனி கண்டிசனாச் சொல்லிருக்கு. சபையில நான் பேசுறப்ப கேட்டுக்க."

ஆத்மநாதன் சிரித்தார். அதைச் சிரிப்பு என்று சொன்னால் சிரிப்புக்கே கோபம் வரும்.

அடுத்த வாரம் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் வருகிறது. நீதிபதிகளை நீதிபதிகளே தேர்ந்தெடுக்கும் முறையை மாற்ற வேண்டும் என்று மத்திய அரசைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம். தேனப்பனுக்குப் பத்து நிமிடம் பேச வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. பதினெட்டு வருஷமாகத் தேனப்பன் வாயைத் திறந்தால் வருவது ஆத்மநாதனின் தமிழ்தான். கல்யாண வீடு, காதணி விழா, இரங்கல் கூட்டம், சட்டமன்றம் எல்லாவற்றுக்கும் அவர்தான் எழுதுவார். வருஷத்துக்கு இருநூறு உரை. அத்தனையையும் யார் நினைவில் வைத்திருப்பது? அவருக்கு நினைவில் இருந்தது ஒன்றுதான். இந்தப் பதினெட்டு வருஷத்தில் ஒரு மேடையிலாவது, 'இதை எழுதினது நம்ம ஆத்மநாதன்' என்று தேனப்பன் சொன்னதில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் மனுஷன் ஒவ்வொரு கூட்டத்திலும் மேடைக்குக் கீழே நின்று கூடவே வாயசைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது நேற்று வந்த சிவரஞ்சனி! இலுப்பூர்ப் பெண், சட்டம் படித்தவள், திருக்கோகர்ணம் அலுவலகத்தில் சேர்ந்து இரண்டே மாதம். சேர்ந்த அன்றே அவளை ஒழித்துக்கட்ட ஆத்மநாதன் வழி பார்த்தார். "முதல்ல அந்தப் பழைய பீரோவைத் தொடைச்சு ஃபைலை எல்லாம் அடுக்கும்மா" என்று தூசிக்குள் தள்ளிவிட்டார். அவள் ஒரு மாதம் தும்மினாளே தவிர, போகவில்லை.

சரி, தேனப்பன் முன்னாலேயே அவள் சாயத்தை வெளுத்துவிடுவோம் என்று ஆத்மநாதன் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, கொலீஜியம் கொலீஜியங்கிறாங்களே, அப்படின்னா என்னன்னு அண்ணனுக்குச் சொல்லு பாப்போம்."

"கோயில் திருவிழாக் கமிட்டி மாதிரி சார்" என்றாள் ரஞ்சனி. "இருக்குறவங்களே உக்காந்து அடுத்த ஆளைச் சேத்துக்குவாங்க. ஊர்க்காரங்க, 'எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்க'ங்கிறாங்க. கமிட்டிக்காரங்க, 'ஒங்களை உள்ள விட்டா கட்சி ஆளைக் கொண்டாந்து உக்கார வச்சிருவீங்க'ங்கிறாங்க. ரெண்டு பேரு சொல்றதும் நெசந்தான். அதான் சண்டை."

தேனப்பன் மேஜையில் ஓங்கித் தட்டினார். "எனக்கே இப்பத்தான்ப்பா வெளங்குது! ஆத்மநாதா, இந்தப் புள்ளைக்கு மொதல்ல ஒரு மேஜை போட்டுக் குடு."

அலுவலகத்தில் உருப்படியாக இருந்த ஒரே மேஜை ஆத்மநாதனுடையது. அன்று மாலை அவர் ஸ்டூலுக்கு மாறினார்.

விடுவாரா? மறுநாள் ஸ்டூலிலிருந்து எழுந்து போய், "அண்ணே, கடைசி நேரத்துல உரையில ஏதாச்சும் மாத்தணும்னா ஆள் வேணும். நானும் மெட்ராசுக்கு வாரேன்" என்றார்.

"நீ வராமயா! சொர்ணவல்லியையும் கூட்டிட்டு வா. பார்வையாளர் மாடத்துக்கு மூணு பாஸ் சொல்லி வச்சிருக்கேன்."

வீட்டில் மனைவி சொர்ணவல்லி கேட்டாள். "என்னைய எதுக்குங்க வரச் சொல்றாரு?"

"அந்தப் புள்ளைக்குத் துணைக்கு! பதினெட்டு வருசம் ஒழைச்சதுக்கு என் பொண்டாட்டிய ஆயா வேலைக்குக் கூப்புடுறாரு!"

"அப்படின்னு அவரு சொன்னாரா?"

"வாயைத் தொறந்து வேற சொல்லணுமாக்கும்?"

"ஒங்களுக்குப் பொறாமைங்க."

"எனக்கா? அந்தக் கத்துக்குட்டி மேலயா?" என்று கேட்டபடி ஆத்மநாதன் தட்டிலிருந்த அப்பளத்தைத் தூள் தூளாக நொறுக்கினார். சாப்பிடவில்லை.

அன்றே முடிவு செய்தார். சபையில் ஒலிக்கப்போவது தன் உரைதான். உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினார். வழக்கமான ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கக் கொடுத்தார். கையோடு, கட்டுமாவடியில் படகு வைத்திருக்கும் கட்சிக்காரர் நிலவழகனின் மகள் காதணி விழாவுக்கான வாழ்த்துரையையும் கொடுத்தார். இரண்டும் ஒரே கட்டாகக் கைக்கு வந்தன. மேல் பக்கங்களை மட்டும் பார்த்து இரண்டாகப் பிரித்து, பின் அடித்து வைத்துக்கொண்டார்.

சென்னைக்குப் போகிற வழியெல்லாம் டிரைவர் நல்லதம்பி கண்ணாடியில் இவரைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான்.

"என்னடா இளிப்பு?"

"ஒண்ணுமில்லண்ணே. நாளைக்கு ஒங்க மொகத்தைப் பாக்கணும்."

எரிகிற வயிற்றில் இவன் வேறு எண்ணெய் ஊற்றுகிறான்!

காலையில் எம்.எல்.ஏ. விடுதியில் தேனப்பன் குளிக்கப் போன நேரம் பார்த்து ஆத்மநாதன் அவருடைய ஃபைலைத் திறந்தார். ரஞ்சனியின் நாலு பக்கத்தை உருவினார், தன் நாலு பக்கத்தைச் செருகினார். உருவியதில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. படித்து, நன்றாக இருந்து தொலைத்துவிட்டால்? மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சபையில் தேனப்பன் எழுந்தார். முதல் பக்கத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஆனால் கையில் எது இருந்தாலும் நிறுத்தாமல் படிப்பது பதினெட்டு வருஷப் பழக்கம். படித்தார். நீதித் தாயின் துலாக்கோல் வந்தது, மனுநீதிச் சோழனின் தேர் வந்தது, கன்றுக்குட்டி வந்தது. பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். பேரவைத் தலைவர் மணியை அடித்து, "உறுப்பினர் சீக்கிரம் முடிக்கணும்" என்றார்.

தேனப்பன் இரண்டாம் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தார்.

"இன்றைய முறையில் ஒருவர் நீதிபதி ஆவதற்கு முதலில் என்ன வேண்டும் தெரியுமா?"

பக்கத்தைத் திருப்பினார்.

"தாய்மாமன்!"

சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. மேலே மாடத்தில் ஆத்மநாதனுக்குக் குப்பென்று வியர்த்தது. அது நிலவழகன் மகளின் காதணி விழாப் பக்கம்!

"தாய்மாமன் மடியில் உட்கார்ந்தால்தான் காரியம் நடக்கும்! மாமன் வரவில்லையென்றால் எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கத்தான் வேண்டும்! சீர்த்தட்டோடு வரிசையில் நிற்கும் மாமன்மார்களே, உங்களைப் பார்த்த பிறகுதான் குழந்தை அழுகையை நிறுத்துகிறது!"

வாரிசுகளும் உறவுகளும் பதவிக்கு வருவதைத்தான் குத்திக் காட்டுகிறார் என்று சபை எடுத்துக்கொண்டது. ஆளுங்கட்சி மேஜையைத் தட்டியது. எதிர்க்கட்சியும் தட்டியது.

"வந்தவர்கள் யாரும் சாப்பிடாமல் போகக் கூடாது!" என்று முடித்தார் தேனப்பன், தானும் விழி பிதுங்கி.

"இலை போட்டிருக்கும்போது யார் போவார்கள்?" என்றார் பேரவைத் தலைவர். சபை குலுங்கியது.

வெளியே காரருகே உறுப்பினர்கள் தேனப்பனைச் சூழ்ந்துகொண்டார்கள். "யாருய்யா எழுதிக் குடுத்தது? தாய்மாமன்னு ஒரே வார்த்தையில அடிச்சிட்டாருய்யா!"

தேனப்பன் எதுவும் புரியாமல் ரஞ்சனியைப் பார்த்தார். எல்லோரும் ரஞ்சனியைப் பார்த்தார்கள்.

"ஐயோ, நான் எழுதலீங்க சார்!"

"தன்னடக்கத்தைப் பாருய்யா!" என்றார் ஒருவர். இன்னொருவர், "போன் நம்பர் குடும்மா. எனக்கும் ஒரு உரை வேணும்" என்று செல்லை நீட்டினார்.

ஆத்மநாதனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எழுதியது தான், தப்பாகப் பின் அடித்ததும் தான், பேர் மட்டும் அவளுக்கா? கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே புகுந்தார்.

"நான்தாங்க எழுதுனேன்! அந்தப் புள்ளைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல! காலையில அண்ணன் குளிக்கப் போனப்ப, அது எழுதுன நாலு பக்கத்தை உருவிட்டு என்னோடதைச் செருகுனவன் நான்தான்! இந்தா பாருங்க சாட்சி!" என்று சட்டைப் பையிலிருந்த தாள்களை உருவி ஆட்டினார்.

உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெல்லக் கலைந்தார்கள். தேனப்பன் கண்ணை மூடிக்கொண்டார். ரஞ்சனி வாயைப் பொத்திக்கொண்டாள். சொர்ணவல்லி தரையைப் பார்த்தாள்.

"என்ன எல்லாரும் கம்முனு நிக்கிறீங்க?" என்றார் ஆத்மநாதன்.

நல்லதம்பிதான் கார்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவர் கையிலிருந்த தாள்களை வாங்கி நீவிக் கடைசிப் பக்கத்தைக் காட்டினான்.

"இதுவும் நீங்க எழுதுனதுதாண்ணே. பத்து வருசத்துக்கு முன்னாடி இதே விவகாரம் வந்தப்ப எழுதி, சபையில பேசாமலே போனது, அந்தப் புள்ள பீரோ தொடைக்கிறப்ப கெடைச்சுச்சு. இந்தா, இந்தக் கடைசி வரி மட்டும்தான் அண்ணன் கைப்பட சேத்தது, சபையில சொல்றதுக்கு: 'இதை எழுதினது நம்ம ஆத்மநாதன்'."