வடகாற்றில் போன மாத்திரை

அன்புள்ள ஸ்டமாட்டா அக்காவுக்கு,

தங்கை ஃபோட்டினி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். மாமியாருக்கு மட்டும் வழக்கம்போல எல்லா வலியும். பிரேயஸில் நீயும் அத்தானும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கர்ப்பமாக இல்லை, ஆகப்போவதும் இல்லை. இனி நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாமல் படி. என் வீட்டுக்காரர் பண்டெலிஸின் பெயர்நாளன்று, அவருடைய புனிதரின் திருநாள் விருந்தெல்லாம் முடிந்த ராத்திரி, ஆணுறை கிழிந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் அந்த மனுஷர் ஒரு வார்த்தை பேசாமல் வலையைத் தூக்கிக்கொண்டு நான்கு நாள் கடலுக்குப் போய்விட்டார். எனக்கு நாற்பத்துமூன்று வயது. மூன்று பிள்ளைகளை ஆளாக்கியாயிற்று. செப்டம்பரில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர, வாழ்க்கையில் முதல்முறையாக என் பெயருக்கு ஓர் உத்தரவு வந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு மறுபடி தொட்டில் ஆட்டவா?

கரு தங்காமலிருக்க எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மாத்திரை போட வேண்டும். நம் தீவில் இருப்பதோ ஒரே மருந்துக்கடை, ஸ்ட்ராட்டிஸ் கடை. என் மூன்று பிள்ளைகளுக்கும் எண்ணெய் தடவி, ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து கையில் வாங்கிய ஞானத்தகப்பன் அவர். அவரிடம் போய் நாலாவது வராமலிருக்க மருந்து கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? மாமியாரிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு, மூன்றாம் நாள் பக்கத்துத் தீவுக்குக் கப்பலேறினேன். அங்கே மருந்துக்கடைப் பெண், "மூணு மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தா இன்னொண்ணு போடணும்மா" என்றாள். "நான் மீன்பிடிக்கிறவன் பொண்டாட்டி. எனக்காவது, கப்பல்ல வாந்தியாவது!" என்று அங்கேயே விழுங்கிவிட்டுத் திரும்பும் கப்பலில் ஏறினேன். வடகாற்று அடித்தது பார், அக்கா! ரொட்டி, பாலாடைக்கட்டி, மாத்திரை, மானம் எல்லாம் கடலுக்குள் போயின. இந்த வருடம் அந்தப் பக்கம் மீன்குஞ்சு குறைந்தால் காரணம் நான்தான்.

மிச்சம் ஆறு மணி நேரம். அடுத்த கப்பல் நாளைக்குத்தான். நேராக ஸ்ட்ராட்டிஸ் கடைக்குள் நுழைந்தேன். நல்லவேளை, வேறு யாரும் இல்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"கப்பல்லயா வந்தே?"

"ஆமாண்ணே."

"கக்கிட்டியா?"

"ஆமா."

ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டினார். "இந்தக் கோடையில அந்தக் கப்பல்லேர்ந்து இப்படி வந்த மூணாவது ஆளு நீ. அங்க போய் முழுங்குறீங்க, வழியில கக்குறீங்க, கடைசியில இங்கதானே வர்றீங்க?"

"உங்ககிட்ட எப்படிண்ணே கேக்குறது? எம் புள்ளைங்களுக்கு ஞானத்தகப்பன்..."

"அதனாலதான் சொல்றேன். ஞானத்தகப்பன் முறைன்னு ஈஸ்டருக்கு ஈஸ்டர் மூணு பேருக்கும் மெழுகுவத்தியும் செருப்பும் வாங்கிக் குடுத்தே நான் ஓஞ்சு போயிட்டேன். நாலாவது வேணாம் தாயே!"

அவர் கண்ணெதிரிலேயே விழுங்கினேன். தேதிக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது; எனக்குத் துளி பயமில்லை. ஆண்பிள்ளையை எதிர்பார்க்காமல், வீட்டில் ஈ எறும்புக்கும் தெரியாமல் காரியத்தை முடித்தவள் உன் தங்கை. அத்தானுக்கு என் வணக்கம். உனக்குக் கண்ணேறு படாதிருக்க இங்கிருந்தே மூன்று முறை துப்பிவிட்டேன்.

ஃபோட்டினி

பி.கு.: ஐந்து நாள் தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. இன்று காலை வந்துவிட்டது, அக்கா! அடுப்படியில் நின்று சந்தோஷத்தில் அழுதேன். பண்டெலிஸிடம் சொன்னால், "வராம என்ன? கடலுக்குப் போன அன்னிக்குக் காலையிலயே, ஸ்ட்ராட்டிஸ் காபி குடிக்கப் போன நேரம் பாத்து, அவர் பொண்டாட்டிகிட்ட மாத்திரை வாங்கிச் சர்க்கரை டப்பா பக்கத்துல வெச்சுட்டுத்தானே போனேன்? சொல்லத்தான் வெக்கமா இருந்துச்சு" என்கிறார். அப்படி ஒன்றை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார்: "அதுவா? எனக்குன்னு நெனச்சுப் போட்டுக்கிட்டேன். முட்டிவலி பறந்துபோச்சு. இன்னும் ரெண்டு வாங்கியாரச் சொல்லுடி!"