ஸ்வீடன்காரரும் பத்து கிலோ பூந்திக்கொட்டையும்

வாளியில் நடந்தது தொட்டியிலும் நடக்கும் என்று நம்புகிறவளை எஞ்சினியர் என்று அழைக்கக் கூடாது. ஆனால் தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில், என்னை அப்படித்தான் அழைத்தார்கள். எனக்கு வயது இருபத்து மூன்று. (அறிவுக்கு அதைவிடக் குறைவு.)

நான் வேலை பார்த்தது தொலைபேசிகளுக்கு சர்க்யூட் போர்டு செய்யும் சின்னக் கம்பெனி. ஈயம் பற்றவைத்த பிறகு போர்டில் பிசுக்கு ஒட்டியிருக்கும். அதை ஒரு திரவத்தில் முக்கிக் கழுவுவோம். கழுவும் பிரிவில் பதினான்கு பெண்கள். அவர்களில் மூத்தவர் சரசக்கா, கொள்ளேகால் பக்கத்துக்காரர். அந்தத் திரவத்தின் நெடி தாங்காமல் தினமும் சாயங்காலம் தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்.

ஒருநாள் ஸ்வீடனிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் திரவம் வானத்தில் இருக்கும் ஓசோன் படலத்தை அரிக்கிறதாம். அதை நிறுத்திவிட்டுத் தண்ணீரில் கழுவினால்தான் போர்டு வாங்குவார்களாம். நேரில் பார்க்க ஆளும் வருவாராம். அந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் கழுவும் பிரிவையே மூட வேண்டியதுதான் என்றார் முதலாளி.

தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் மெஷின் வந்துவிட்டது. தண்ணீரில் கலக்க வேண்டிய மருந்துதான் இன்னும் கப்பலில் இருந்தது. அது கரை சேர்வதற்குள் ஸ்வீடன்காரர் வந்துவிடுவார். மீட்டிங்கில் எல்லோரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் கையைத் தூக்கினேன்.

"பூந்திக்கொட்டை போதும் சார். எங்கம்மா மைசூர் சில்க்கையே அதுலதான் அலசுவாங்க."

முதலாளி கன்னடக்காரர். எங்களிடம் தமிழையும் கன்னடத்தையும் பிசைந்து பேசுவார். "நிஜவாகலூ? நோடம்மா, பார்த்துக்கோ, அந்த ஆளு முன்னால மானம் போகக் கூடாது."

மூன்று நாள் வாளியில் செய்து பார்த்தோம். போர்டு பளபளவென்று வந்தது. மூன்றாம் நாள் சரசக்கா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அம்மிணி, மூணு நாளாத் தலைவலியே இல்லீங்க. நேத்து ஊட்டுக்குப் போயி புள்ளகூட உக்காந்து பேசிட்டிருந்தேனுங்க."

அவ்வளவுதான், எனக்கு இறக்கை முளைத்துவிட்டது. ஓசோன், கம்பெனி, சரசக்கா மூன்றையும் ஒரே கையால் காப்பாற்றப் பிறந்தவள் நான் என்று முடிவு செய்து, தேவராஜ மார்க்கெட்டுக்குப் போய் பத்து கிலோ பூந்திக்கொட்டை வாங்கினேன். "கல்யாண வீடா?" என்று கேட்டார் கடைக்காரர். "அதைவிடப் பெரிசு" என்றேன். (வாய்!)

ஸ்வீடன்காரர் வந்த காலையில் கொட்டையை எல்லாம் வேகவைத்து, வடிகட்டி, மெஷினின் தொட்டியில் ஊற்றினோம். வாளிக் கணக்கைத் தொட்டிக்குப் பெருக்கி, ஒரு பாதுகாப்புக்காக இரண்டு மடங்காக்கியிருந்தேன். பிறகு இயற்கையின் பெருமை பற்றி ஆங்கிலத்தில் ஒரு பிரசங்கம். அது முடிந்ததும் சுவிட்சைத் தட்டினேன்.

வாளியில் கையால் அலசுவது வேறு, இருபது குழாய்கள் சேர்ந்து பீய்ச்சியடிப்பது வேறு. அதை நான் யோசிக்கவே இல்லை. மூடியின் இடுக்கில் முதலில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது.

"அம்மிணி, பொங்குதுங்க!"

"அது அப்படித்தான்க்கா" என்றேன் கம்பீரமாக.

மூடி எழும்பியது. நுரை தொட்டியிலிருந்து இறங்கித் தரையில் உருண்டு வந்தது. "ஆஃப் மாடு! ஆஃப் மாடம்மா!" என்று, மெஷினை நிறுத்தச் சொல்லி முதலாளி கன்னடத்தில் கத்தினார். நுரைக்குள் கைவிட்டுத் துழாவி ஒரு பொத்தானை அழுத்தினேன். அது வேகத்தைக் கூட்டும் பொத்தான். பின்வாங்கிய ஸ்வீடன்காரர் வழுக்கி உட்கார்ந்தார். அதன்பின் அவருடைய தலையும் டையின் முடிச்சும் மட்டுமே தெரிந்தன.

யாரோ மெயினை அணைத்தார்கள். நான் ஸ்டோர் ரூமுக்கு ஓடி, அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். பதினான்கு பேர் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன்.

சரசக்கா தேடி வந்தார். "எந்திரிங்க அம்மிணி. அந்த மனுசன் என்னமோ கேக்கறாருங்க. எனக்கு இங்கிலீசு வராது, நீங்கதான் வந்து சொல்லோணும்."

ஸ்வீடன்காரர் சொட்டச் சொட்ட நின்றிருந்தார். கேள்வி எனக்கில்லை, சரசக்காவுக்கு. பழைய திரவம், இந்தத் தண்ணீர், இரண்டில் எது வேண்டும்?

சரசக்கா அவரை நேராகப் பார்த்துச் சொன்னார்: "அது மண்டையப் பொளக்குமுங்க. இது துணியத்தானுங்க நனைக்குது. தொடைச்சாப் போச்சு."

நான் மொழிபெயர்த்தேன். அவர் கோட்டுப் பையிலிருந்து நனைந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து எதையோ எழுதினார். பிறகு ஷூவைக் கழற்றினார், பேண்டை முழங்கால்வரை சுருட்டினார், மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டார். மத்தியானம்வரை எல்லோருமாக நுரையை வாசலுக்குத் தள்ளினோம். முதலாளியும்தான், பேண்டை வேட்டிபோல மடித்துக் கட்டாத குறையாக.

சரியான மருந்து வந்தபிறகு ஸ்வீடன்காரர் இன்னொரு தடவை வந்தார். மெஷின் ஓடி முடியும்வரை கதவோரமாகவே நின்று பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. ஆர்டர் கிடைத்தது. பழைய திரவத்தின் பீப்பாய்கள் லாரியில் ஏறிப் போன அன்று கழுவும் பிரிவில் எல்லோருக்கும் மைசூர்பாகு.

சரசக்கா ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. எங்கள் இரு வீட்டு விசேஷங்களிலும் இந்தக் கதையைச் சொல்வது அவர் உரிமை. என் கல்யாணத்தில் நுரை முழங்கால் அளவு இருந்தது. என் மகளின் காதுகுத்தில் இடுப்புக்கு ஏறியது. போன மாதம் அவர் பேரன் கல்யாணத்தில் ஸ்வீடன்காரர் நீந்தியே வெளியே வந்தார். "உண்மையாம்மா?" என்று என் மகள் கேட்டாள். சொல்லி முடிக்கும்வரை சரசக்கா என் கையை விடவே இல்லை. நான் எப்படித் திருத்துவது? "ஆமாம், நல்லா நீந்தினார்" என்றேன்.