பதினான்கு சீட்டில் ஒருத்தி

பதினான்கு சீட்டு வேனில் இன்னும் ஒரே ஒருத்திதான் ஏறவில்லை. ஏற வேண்டியதே அந்த ஒருத்திதான்.

டிரைவர் ஹாரனை அழுத்தினார். எதிர் மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துத் திட்டினார். அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு டிரைவர் மறுபடியும் அழுத்தினார்.

கம்பெனியில் ஆட்குறைப்பு ஆரம்பித்ததிலிருந்து வேன் வாரத்துக்கு வாரம் காலியாகிக்கொண்டே வந்தது. முதலில் பின் வரிசை அரட்டைக் கோஷ்டி போனது. பிறகு, ஏறியதும் குறட்டை விடுகிற குண்டு மேனேஜர். மிஞ்சியது, சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிக்கிற இந்த டெஸ்டிங் பெண் மட்டும்தான். வேனின் வருகைத் தாளில் இவள் கையெழுத்தும் இல்லையென்றால் வேனை நிறுத்திவிடுவார்கள். ஐம்பத்தாறு வயதில் யார் வாசலில் போய் வேலை கேட்பது?

தாமதமாக வருகிறவர்களைத்தான் முதலில் அனுப்புகிறார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து அவருக்குத் தூக்கமே போய்விட்டது. எப்பாடுபட்டாவது இவள் வேலையைக் காப்பாற்றியாக வேண்டும்.

அவள் இரண்டு காலிலும் இரண்டு விதச் செருப்போடு ஓடிவந்தாள்.

“அண்ணே, இன்னும் அரை மணி நேரம் இருக்கே!”

“முன்னாடியே போனா நல்ல பேரும்மா. ஏறு ஏறு.”

அவள் ஏறித் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

“எப்பவும் போல ஆபீஸ் தெரு முனையிலயே இறக்கி விட்டுடுங்கண்ணே. கொஞ்சம் நடந்தா உடம்புக்கு நல்லது.”

“உடம்பை ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்” என்ற டிரைவர், முனையைத் தாண்டி நேராக ஆபீஸ் வாசலுக்கே வண்டியை விட்டார். இறங்கி ஓடிப்போய்க் கதவையும் திறந்துவிட்டார். இவள் மதிப்பு நாலு பேருக்குத் தெரியட்டுமே!

பெரிய அதிகாரி யாரோ வருகிறார் என்று காவலாளி விறைப்பாக சல்யூட் வைத்தார். ஆளைப் பார்த்ததும் கை பாதியில் நின்றது.

“கார்டு...?” என்றார் தயங்கி.

“வீட்டுல மறந்துட்டேன்” என்றாள் அவள், தரையைப் பார்த்து.

“இவ்வளவுதானே! ஏறும்மா, ஒரே மிதி, எடுத்துட்டு வந்துடலாம்.”

“வேணாம்ணே! அது... தொலைஞ்சே போச்சு.”

டிரைவருக்கு வியர்த்தது. கார்டைத் தொலைத்தவர்களை விட்டுவைப்பார்களா? அந்த நேரம் பார்த்து அவளுடைய அதிகாரி காரிலிருந்து இறங்கினார்.

“சார்! உங்க டீம் பொண்ணுதான். உள்ள விடச் சொல்லுங்க. இவளை மாதிரி நேரத்துக்கு வர்ற ஆளு உங்களுக்குக் கிடைக்குமா?”

அதிகாரி அவளைப் பார்த்தார். முகம் சுருங்கியது. விடுவிடுவென்று உள்ளே போய்விட்டார்.

உள்ளதையும் கெடுத்துவிட்டோமே என்று டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“மன்னிச்சுடும்மா. உன் நல்லதுக்குன்னுதான்...”

“நீங்க ஒண்ணும் பண்ணலண்ணே. போங்க, சாயங்காலம் முனைக்கு வந்துடுங்க.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

டிரைவரின் கோபமெல்லாம் காவலாளி மேல் திரும்பியது. “ஏன்யா, தினம் பாக்கற முகம்தானே? கார்டு இல்லேன்னா உள்ள விடக்கூடாதா? அவ வேலை போச்சுன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்!”

காவலாளி அவர் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

“அந்தப் பொண்ணுக்கு வேலை போயி ஆறு வாரம் ஆச்சுண்ணே, ‘நான் ஏறலேன்னா அண்ணன் வண்டிய நிறுத்திடுவாங்க’ன்னு, காலையில உங்க கூட வந்து பஸ் புடிச்சு வீட்டுக்குப் போயிட்டு, சாயங்காலம் மறுபடி பஸ்ஸுல வந்து உங்களுக்காக நிக்குது.”