முன்னால் துருத்திய பெட்டி

எனக்கென்று ஓர் அறை கட்டிக்கொள்வது என்று தீர்மானித்துவிட்டேன். கதவோடு. கதவுக்கு உட்பக்கத் தாழ்ப்பாளோடு.

நான் ஆர்க்கிடெக்ட். ஊரார் வீடுகளையெல்லாம் வரைந்து முடித்து, இப்போதுதான் சொந்த வீட்டுக்கு வந்திருக்கிறேன். எங்கள் தொழிலில் சுவர், ஜன்னல், சாயம் எல்லாம் அப்புறம். முதலில் வெறும் பெட்டிகள். எது பெரியது, எது அதற்கு அடங்கியது, எதைச் சேர்ப்பது, எதை வெட்டி எடுப்பது என்று தெர்மாகோல் துண்டுகளை வைத்துப் பார்ப்போம். ஒரு பெட்டி தலைமை தாங்க வேண்டும், மற்றவை ஒத்துப்போக வேண்டும். குடும்பம் நடத்தியவனுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் அறையைப் பின்பக்க மாடியில் சின்னப் பெட்டியாக ஒட்டினேன். என் மனைவியின் கண்ணில் அது படக்கூடாது. அதற்குத் தொழிலிலேயே ஒரு தந்திரம் உண்டு. வேண்டுமென்றே ஒரு பெட்டியைக் கோணலாக வைப்போம். வீட்டுக்காரர் "இதை எடுங்க" என்பார். நாம் பெருமூச்சு விட்டு எடுப்போம். ஜெயித்துவிட்ட திருப்தியில் அவர் மற்றதைத் தொடமாட்டார். அலுவலகத்தில் அதற்குப் பெயர் பலியாடு.

தெருப்பக்கம், வாசலுக்கு மேலே, பலியாட்டைத் துருத்திக்கொண்டு நிற்க வைத்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. அவளைக் கூப்பிட்டேன்.

"என்னங்க இது, முன்னாடி நீட்டிக்கிட்டு நிக்குது?"

"பிடிக்கலையா? எடுத்துடறேன்." கையை நீட்டிவிட்டேன்.

"இருக்கட்டும், இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு."

"நல்லாவா? அசிங்கமா இருக்கு!"

"நீங்க வச்சதுதானே?"

"யோசிச்சுப் பார்த்தா பொருந்தல."

"எனக்குப் பொருந்துது. தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, நான். சரி, பின்னாடி இந்தக் குட்டிப் பெட்டி எதுக்கு?"

"அது... எடையைச் சமன் பண்ண. இல்லேன்னா வீடு ஒரு பக்கமா சாயற மாதிரி தெரியும்."

"எடைக்கு எதுக்குங்க கதவு வரைஞ்சிருக்கீங்க?"

நான் அந்தக் கதவின் மேல் விரலை வைத்து மறைத்தேன்.

"ரெண்டு பக்கமும் துருத்தினா எது முக்கியம்னு கண்ணுக்குத் தெரியாதே. ஒண்ணுதான் தூக்கலா நிக்கணும்னு நீங்களே சொல்லுவீங்க" என்றவள், என் அறையை இரண்டு விரலால் பிய்த்து எடுத்தாள். அங்கே கொஞ்சம் பசை மிஞ்சியது.

"பலியாட்டை விட்டுட்டு இதை எடுத்திட்டியே, என் தந்திரம் உனக்கு எப்படித் தெரியும்?"

"இன்னிக்கு யாரை எப்படி மடக்கினேன்னு தினமும் சாப்பிடும்போது சொல்றீங்களே. நான் சோறு மட்டுமா போட்டுக்கிட்டிருந்தேன்?" அப்புறம் குரல் தணிந்தது. "எனக்கும் ஒரு கதவு வேணுமா இருக்கும்னு உங்களுக்குத் தோணவே இல்லல்ல?"

தோன்றவில்லை. எத்தனையோ பேரிடம் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டு வரைந்தவன், அவளிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. தாழ்ப்பாள் போன வருத்தமும் இருந்தது.

வீடு எழுந்தது. ஒரு நாள் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன். நான் யோசித்துச் செய்த பகுதியெல்லாம் ஒழுங்காக, உயிரில்லாமல் இருந்தது. அந்தப் பெட்டியின் நிழல் வாசலில் சாய்ந்து விழுந்த இடத்தில்தான் வீட்டுக்கு முகமே வந்திருந்தது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு கிடங்கு. கணக்கோடு செய்ததை விட்டுக் கண் ஏன் அதிலேயே போய் நிற்கிறது என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

புதுவீட்டைப் பார்க்க அலுவலக நண்பர்கள் வந்தார்கள். எல்லோரும் தெருவிலேயே நின்றுவிட்டார்கள்.

"சார், அந்தப் பெட்டிதான் சார் மொத்த வீட்டையும் தூக்கி நிறுத்துது. எப்படி சார் தோணிச்சு?"

தொண்டையைச் செருமிக்கொண்டேன். கனம் என்றேன், வெற்றிடம் என்றேன், நிழலை எப்படி முன்கூட்டியே கணித்தேன் என்று விவரித்தேன். ஒருவர் குறிப்புகூட எடுத்தார்.

தலைக்கு மேலே ஜன்னல் திறந்தது.

"அது வேணாம்னு வச்சதுங்க!"