விஷத்தையே ஜெயித்த பூச்சிகள்

சின்ட்-ட்ரூடன் பக்கம்,
செப்டம்பர் 14

அன்புள்ள லுத்கார்ட் அக்காவுக்கு, தம்பி அச்சீல் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ரோசானும் பேரி மரங்களும் சுகம். உன் முழங்காலும் அத்தானும் சுகமா என்று எழுதவும்.

அறுவடை முடிந்தது அக்கா. போன வருஷம் இலைச்சாறு உறிஞ்சும் பூச்சி வந்து காயெல்லாம் பிசுபிசுத்துக் கரி பூசினாற்போல் ஆனதும், இந்த வருஷமும் இப்படியானால் தோப்பையே வெட்டிவிடுவது என்று நான் இருந்ததும் உனக்குத் தெரியும். நீதான் பூச்சிமருந்தை நிறுத்து, சட்டியில் வைக்கோல் அடைத்து மரத்தில் கவிழ்த்துக் கட்டு, இடுக்கிவால் பூச்சி குடிவந்து அதையெல்லாம் தின்றுவிடும் என்றாய். முந்நூறு சட்டி கட்டினேன். பக்கத்துத் தோப்பு ஃபிர்மின் வேலியில் சாய்ந்துகொண்டு, "மரத்துக்கெல்லாம் தொப்பி போட்டாச்சு, ஸ்வெட்டர் எப்பப்பா?" என்றான். நீ சொன்னபடி புல்லையும் வெட்டாமல் விட்டேனா, நான் சோம்பேறியாகிவிட்டதாக ஊரே பேசிற்று. பூச்சிகளோ சட்டி போதாமல் என் ஷூவுக்குள்ளும் தலையணைக்கு அடியிலும் வந்துவிட்டன. "உங்க அக்காவோட விருந்தாளிங்க வந்திருக்காங்க, எழுந்திருங்க" என்று ரோசான் எழுப்புகிறாள்.

உன்கிட்ட ஒன்றை மறைக்க மனசில்லை. மே மாசம் இலையில் மறுபடி பிசுபிசுப்பைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கையே போயிடுச்சு. ரோசான் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போன நேரம், உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருந்த மருந்துக் கேனை எடுத்துத் தோப்பு முழுக்க அடிச்சுட்டேன். புளிச்ச வாடை வேற, நல்ல வீரியமான சரக்குன்னு நெனச்சேன். மத்தியானம் உருளைக்கிழங்குக்கு ஊத்திக்க மோர்கூட இல்ல. பண்ணின பாவத்துக்குக் கேட்கவும் வாய் வரல. மூணு நாள் தோப்புப் பக்கமே போகல. நாலாம் நாள் போய்ச் சட்டியைத் தட்டினா, பொலபொலன்னு உயிரோட கொட்டுது. விஷத்தையே ஜெயிச்ச ஜாதி அக்கா அது. ஆகஸ்ட்ல ஒரு இலைகூடப் பிசுபிசுக்கல. தோப்பு பிழைச்சது உன்னாலதான். இனி மருந்தைத் தொடமாட்டேன். அடிச்சும் பிரயோஜனமில்லையே.

ஒரு பெட்டி பேரிக்காய் தனியாக வருகிறது. அத்தானுக்கு என் அன்பு. கடவுள் உங்கள் வீட்டுக்கு நல்ல பூச்சிகளை மட்டுமே அனுப்பட்டும்.

நன்றி மறவாத தம்பி,
அச்சீல்

பி.கு.: அண்ணி, நான் ரோசான். தபால்ல சேர்க்கச் சொல்லிக் குடுத்தார், படிச்சுட்டேன். அந்தக் கேனை நான் சனிக்கிழமையே கண்டுபிடிச்சுட்டேன். மருந்தை அப்புறப்படுத்திட்டு, அதே மாதிரி வேற கேன்ல வீட்டு மோர் மொத்தத்தையும் தண்ணி கலந்து ஊத்தி வெச்சேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க. நேத்து தலையணைப் பூச்சியை ரெண்டு கையிலயும் ஏந்திட்டுப் போய்ச் சட்டியில விட்டுட்டு வந்தார். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்துல எனக்குக்கூட அந்த மரியாதை கிடைச்சதில்ல.