எல்லோருக்கும் தடை

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழித்து, வீட்டில் எனக்கென்று ஒரு ரகசியம் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

ரகசியம் இதுதான். ஈஸ்டருக்கு என் மாமியார் பெரில் நாலு நாள் எங்களோடு தங்க வருவதாக இருந்தார். அதே நாலு நாள் எங்கள் ஊர் வாலரூ துறைமுகத்தில் மீன்பிடிப் போட்டி. படகுக்கு இரண்டு பேர். பக்கத்து வீட்டு மெர்வும் நானும் என்று பேசி வைத்திருந்தோம். மாமியாரா, மீனா? நான் மீன் பக்கம் சாய்ந்தேன். துறைமுகத்தை ஒட்டி நான் வேலை பார்க்கும் தானியக் கிடங்கில் எனக்கு நாலு நாளும் ஷிப்ட் என்று நானே ஒரு வேலைப் பட்டியல் அச்சடித்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். என் மனைவி நோலீன் அதை நின்று நிதானமாகப் படித்தாள்.

"பாவம் லெஸ்" என்றாள். என்னை நம்பிவிட்டாள்! என்னாலேயே நம்ப முடியவில்லை.

அடுத்தது போட்டிக்கான படிவம். கிளப்பில் கொடுத்த காகிதத்தில் மெர்வ் கையெழுத்துப் போட்டான். அதை ஸ்கேன் செய்துவிட்டு, தடயம் இருக்கக் கூடாதே என்று காகிதத்தை பார்பிக்யூ அடுப்பில் எரித்தேன். எங்கள் ஸ்கேனர் எதையும் நேரே கூடத்து அலமாரியில் இருக்கும் சேமிப்புப் பெட்டிக்குத்தான் அனுப்பும். வீட்டிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுப் பெட்டி அது. வாங்கியது, மாட்டியது, ஆள்வது எல்லாம் நோலீன். அன்றைக்குப் பார்த்து அவள் தன் அட்மின் பக்கத்தைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் துணி காயப்போடப் போயிருந்தாள். விடுவேனா? 'பழைய வரி ரசீது' என்று ஒரு போல்டர் போட்டேன். படிவத்தை உள்ளே தள்ளினேன். யாருக்கு அனுமதி என்று கேட்ட இடத்தில் 'எல்லோருக்கும் தடை' என்று ஒரு தட்டு தட்டினேன்.

மறுநாள் சனிக்கிழமை. படிவம் அனுப்ப மாலை ஐந்து மணி வரை கெடு. மூன்று மணிக்கு என் கம்ப்யூட்டரில் போல்டரைத் திறந்தேன்.

'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அனுமதி இல்லை. ரௌட்டரைப் பிடுங்கி மாட்டினேன். அனுமதி இல்லை. என் பாஸ்வேர்டை மூன்று தடவை அடித்தேன். மற்ற போல்டரெல்லாம் சமர்த்தாகத் திறந்தன. ஆக, பெட்டிக்கு உயிர் இருக்கிறது, என்னைத்தான் பிடிக்கவில்லை. மணி மூன்றே முக்கால். கடைசியில் அலமாரிக்குள் தலையை விட்டு ஒயரை அசைத்துப் பார்த்தேன்.

"என்ன லெஸ், அலமாரிக்குள்ள?" சமையலறையில் ஈஸ்டர் பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டே நோலீன் கேட்டாள்.

"தூசி தட்றேன்."

"நீயா?"

"ஏன், நான் தட்டக் கூடாதா?"

"தட்டு, தட்டு. இருபத்தாறு வருஷத்துத் தூசி அப்படியேதான் இருக்கு."

பின்பக்க வேலிக்கு ஓடினேன்.

"மெர்வ்! உள்ள போக முடியலய்யா!"

"பாஸ்வேர்ட் மறந்துட்டியா?"

"அதெல்லாம் சரியா இருக்கு. நான்தான் பூட்டினேன். யாரும் போக முடியாதபடி."

"யாருக்கெல்லாம் பூட்டின?"

"எல்லோருக்கும்."

மெர்வ் தலையைச் சொறிந்தான். "எல்லோர்ல நீ சேர்த்தி இல்லையா?"

இத்தனை வயதில் என்னை யாரும் எதிலும் சேர்த்ததில்லை. இந்தப் பெட்டி சேர்த்துவிட்டது.

"அட்மின்தானே இனிமே திறக்கணும்? அட்மின் யாரு?" என்றான்.

முதல் ஈடு பன் வேகும் வாசனை வேலி வரைக்கும் வந்தது. இரண்டு பேரும் சமையலறை ஜன்னலைப் பார்த்தோம். மெர்வ் மெதுவாகத் தன் வீட்டுக்குள் போய்விட்டான்.

நாலே முக்கால் வரை தாக்குப்பிடித்தேன். கூச்சத்தைப் பார்த்தால் படகு போய்விடும்.

"நோலீன்... ஒரு போல்டர் திறக்க மாட்டேங்குது. வரி ரசீது."

"எந்த வருஷத்து ரசீது?"

"பழசு. ரொம்பப் பழசு."

"பழசுக்கு என்ன அவசரம்? திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

"இல்ல, அஞ்சு மணிக்குள்ள வேணும்!"

"வரி ஆபீஸ்காரன் சனிக்கிழமையுமா உன்னை விரட்றான்?"

கையில் ஒட்டிய மாவைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இரண்டு தட்டு. "இப்போ பாரு."

பாய்ந்து போய்த் திறந்தேன். படிவம் இருந்தது. மெர்வின் பெயர் இருந்தது. என் பெயர் அடிக்கப்பட்டு, பக்கத்தில் அழகான கையெழுத்தில் 'பெரில்' என்று இருந்தது.

"அந்தப் பெட்டியில யார் எதைப் பூட்டினாலும் எனக்கு மெயில் வரும், லெஸ். நேத்து துணிக்கு க்ளிப் மாட்டிட்டு இருக்கும்போதே வந்துருச்சு" என்றாள் அறை வாசலில் நின்று. "அம்மாவுக்கு மீன் பிடிக்கிறதுன்னா உசுரு. படிவத்தை அச்சடிச்சு, பேரை மாத்தி, திரும்ப ஸ்கேன் பண்ணி, காலையிலயே கிளப்புக்கு அனுப்பியாச்சு. மெர்வுக்கு இனிமேதான் சொல்லணும். மாட்டேன்னு சொல்ல அவனுக்கு ஏது தைரியம்?"

"ஏன் நோலீன் என் பேரை எடுத்த?" என்றேன்.

"உனக்குத்தான் நாலு நாளும் ஷிப்ட் இருக்கே, பாவம்!"

ஈஸ்டர் நாலு நாளும், அவள் கட்டிக் கொடுத்த சாண்ட்விச்சோடு, பூட்டிக் கிடந்த தானியக் கிடங்கு வாசலில் காருக்குள் உட்கார்ந்து, தூரத்தில் மாமியாரின் படகு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.