கழுவிய குப்பியும் ஜோடி சாரும்

உலகத்திலேயே மிகச் சுத்தமாக ஒரு குப்பியைக் கழுவியவன் யார் என்று கேட்டால், எங்கள் ராஜபாளையம் லேப்பில் எல்லோரும் யோசிக்காமல் என்னைக் கை காட்டுவார்கள். லேபிளைக்கூட நகத்தால் சுரண்டி எடுத்து, பளபளவென்று கவிழ்த்து வைத்தேன். அது காலிக் குப்பி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

குப்பிக்குச் சொந்தக்காரர் எங்கள் சீனியர் கெமிஸ்ட் ஜோடி சார். இந்தப் பூமியில் எதையும் தனியாக நம்பாத ஒரே மனிதர்; பட்டப்பெயரே அதனால் வந்ததுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிதாகப் பால்கோவா கடை திறந்தால், பழைய கடைப் பால்கோவாவைப் பொட்டலமாகக் கொண்டு போவார். கல்லா முன்னால் நின்று இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய்.

“வீட்டுச் சோத்தக் கட்டிக்கிட்டுக் கல்யாண வீட்டுக்கு வருவீகளா சார்?” என்று கடைக்காரர் கடுப்பாவார்.

“இன்னைக்கு என் நாக்கு எப்படி இருக்குன்னு தெரியணும்ல அண்ணாச்சி?”

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமே ஒரு திருவண்ணாமலை உண்டு; அந்த மலைப் பெருமாளைப் பார்க்கப் படியேறும்போது என்னையும் இழுத்துப் போவார். பேச்சுத் துணைக்கு என்று நினைத்தேன். “எனக்கு மூச்சு வாங்குனா அது வயசா, வெயிலான்னு உன்னப் பாத்துத்தாம்லே கண்டுபிடிக்கணும்” என்றார். பாதிப் படியில் நான் நாக்குத் தள்ளி உட்கார்ந்ததும், “வெயில்தான்!” என்று சந்தோஷமாக ஏறிப் போனார்.

லேப்பிலும் இதே கதை. மஞ்சளில் குர்குமின் என்கிற நிறச்சத்து எவ்வளவு என்று அளக்க வேண்டும். அரைத்து, கரைத்து, வடிகட்டுவதற்குள் கொஞ்சம் எங்காவது போய்விடும். அதனால் ஆரம்பத்திலேயே இன்னொரு குர்குமினை ஜோடியாக அளந்து சேர்ப்பார். குணத்தில் அச்சு அசல் அதேதான். சில ஹைட்ரஜன் அணுக்கள் மட்டும் எடை கூடியவை. மெஷின் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். ஜோடி எந்த விகிதத்தில் தொலைந்ததோ, மஞ்சளுடையதும் அதே விகிதத்தில்தான் தொலைந்திருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் அந்த ஜோடி, குப்பியின் அடியில் கண்ணுக்கே தெரியாத படலமாக ஒட்டியிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாததை நான் எப்படிப் பார்ப்பேன்? கழுவினேன்.

அன்றைக்கென்று பார்த்து பீர் பாய் வந்து உட்கார்ந்திருந்தார். தேவதானம் பக்கம் மஞ்சள் வாங்கி, முதன்முதலாகக் கப்பலேற்றப் போகிற வியாபாரி. சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் போகாவிட்டால் ஆர்டர் கேன்சல்.

“தம்பி, செத்த சீக்கிரம் பாருங்க. லாரி நிக்குது” என்றார்.

ஜோடி சாரிடம் போய், “சார், அந்தக் குப்பி... தூசியா இருந்துச்சா...” என்று இழுத்தேன்.

கோபம் வந்தால் அவருக்கு வீட்டுத் தெலுங்கு வரும். அன்று அது வரவில்லை. குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“நல்லாத்தாம்லே கழுவியிருக்க.”

“ஜோடி இல்லாமலே ஒருதடவ ஓட்டிப் பாப்பமா சார்?”

“வடிகட்டுத தாளே பாதிய குடிச்சிருந்துச்சுன்னா? கொறச்சலா ஒரு நம்பர எழுதி, பாய் பொழப்புல மண்ணள்ளிப் போடச் சொல்லுதியா?”

நேராகப் போய் ஃப்ரீசரைத் திறந்தார். ஐஸ் மண்டிய மூலையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை உருவினார். உள்ளே அதே மாதிரி இன்னொரு குப்பி, சீல் உடையாமல். டப்பாவின் மேல் மார்க்கர் பேனாவில் கொட்டை எழுத்தில் என் பெயர்.

சாயங்காலம் ரிப்போர்ட் போனது. மஞ்சள் தேறிவிட்டது. பாய் சந்தோஷத்தில் வாங்கி வந்த பால்கோவாவை ஜோடி சார் திருப்பித் திருப்பிப் பார்த்து, “ஒரு பொட்டலந்தானா?” என்றார்.

இப்போது அவர் ரிட்டயர்டு. போன புரட்டாசி சனிக்கிழமை மறுபடி மலைக்குக் கூப்பிட்டார். பாதிப் படியில், “செத்த நில்லு, எனக்கு மூச்சு வாங்குது” என்று நின்றார். அவருக்கு ஒன்றும் வாங்கவில்லை. எனக்காக நின்றார். அந்தத் தைரியத்தில் கேட்டேன்.

“அப்ப, என்னைய நம்பாமத்தான ரெண்டு குப்பி வாங்குனீக?”

“நம்பாம என்னலே? நீ கழுவிருவேன்னு முழுசா நம்பித்தான வாங்குனேன்.”